வீடு வந்து சேரணும்

அக்கினிச்சட்டியைத் தாயில்பட்டியில் வாங்கி, சேலைத் தலைப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தது குருவம்மாள்தான். அப்போது அந்தக் கட்டிலில் அவள் புருசன் ஊர்க்காவலன் உயிரோடு படுத்திருந்தான். நாலைந்து சட்டிகளைச் சுண்டிப் பார்த்துக் கீறல் இருக்கிறது என்று தள்ளிவிட்டு எடுத்த சட்டி அது. அடி கனமாக இருக்க வேண்டும், வேலிக்காத்தான் கட்டையும் சிரட்டையும் போட்டு வளர்க்கிற தீயைக் கையில் ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டுமே என்று பார்த்துப் பார்த்து எடுத்திருந்தாள்.

இப்போது கட்டில் காலியாக இருந்தது. கயிறு நடுவில் தொய்ந்து கிடந்தது. சட்டி மட்டும் வைத்த இடத்தில் அப்படியே கவிழ்ந்திருந்தது.

ஊர்க்காவலன் போன மூன்றாம் நாள் கோயில் பூசாரி மாரீஸ்வரன் வந்தான். வாசலுக்கு வரவில்லை. தெருவில் எதிர்ச்சாரி வேம்புக்கு அடியில் நின்றுகொண்டு செருமினான். ஊர்க்காவலனுக்குத் தம்பி முறை. ஒன்றாகக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள். தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் சுடுகாட்டுப் பாதையில் தள்ளித் தள்ளித்தான் வந்தான். காப்புக் கட்டப் போகிற கை சாவைத் தொடக் கூடாது.

"மதினி, வார செவ்வாக்கிளமை காப்புக் கட்டு" என்றான். "அண்ணன் காரியம் இப்பிடி ஆகிப்போச்சு. தீட்டு வீடு சட்டி எடுக்கக் கூடாதுல்லா. ஒரு வருசம். நோட்டுல உங்க பேர நான் அடிக்கல. அடுத்த பங்குனிக்குன்னு பக்கத்துல எளுதி வச்சிருக்கேன்."

"நேந்தது இந்தப் பங்குனிக்குல்லா, கொளுந்தனாரே."

"ஆத்தாளுக்குத் தெரியாதா மதினி? அவளே தள்ளி வச்சிட்டான்னு நெனச்சுக்கிடுங்க."

ஆறுதலாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு வேம்பின் தூரைக் கையால் தடவினான். பிறகு, சாப்பிட்டீகளா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் போனதும் அவளே தள்ளி வச்சிட்டா என்கிற சொல் மட்டும் வாசலில் உட்கார்ந்துகொண்டது.

தை மாதம் கடைசி வாரம் அது நடந்தது. ஊர்க்காவலன் இருபத்திரண்டு வருசமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். அதே கம்பெனியில் அறுபதடி தள்ளி, குருவம்மாள் புஸ்வாணத்துக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். மருந்து ரூமில் வேலை செய்கிறவர்களின் மேலெல்லாம் வெள்ளி மாதிரி அலுமினியத் தூள் படிந்திருக்கும். எந்தச் சோப்புக்கும் நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வெள்ளிக் கவசம் சாத்தியிருக்குடீ என்று கூட்டாளிகள் அவளைக் கேலி செய்வார்கள்.

பத்து மணி டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்த நேரம். மருந்து வெடிக்கிற அந்தச் சத்தம் காதுக்கு வருமுன்னே அந்த ஊர்ப் பெண்களின் காலுக்கு வந்துவிடும். எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஓடி நின்ற பிறகுதான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று திரும்பிப் பார்ப்பார்கள். குருவம்மாள் திரும்பிப் பார்த்தபோது அவன் புகைக்குள்ளிருந்து நடந்தே வந்தான். கையை உடம்பில் படாமல் அகற்றி வைத்துக்கொண்டு, சேறு மிதித்தவன் வருகிற மாதிரி நடந்து வந்தான். "தண்ணி குடு, குருவு" என்றான். அவள் குடத்தைத் தூக்கினாள். குடிக்கக் குடுக்காத, உசுருக்கு ஆகாது என்று நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் முப்பத்திநாலு நாள். அவன் ஒவ்வொரு நாளும் தண்ணி கேட்டான். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கத்தான் விட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அவள் நேர்ந்துகொண்டாள். குருவம்மாள் எதையும் பெரிதாகக் கேட்கிறவள் இல்லை. மகள் பத்தாவது எழுதியபோது பாஸானாப் போதும் என்றுதான் கேட்டாள். மழை கேட்கும்போதுகூடக் கண்மாய் நிறைய வேண்டாம், கிணற்றில் குடம் முங்கினால் போதும் என்பாள். ஊரில் ஆயிரம் பேர் கேட்கிறார்கள், ஒருத்தியே எத்தனை பேருக்குக் கொடுப்பாள் என்று ஆத்தாள் மேலேயே அவளுக்கு ஒரு பரிவு உண்டு. அன்றைக்கும் அதே வாயால்தான் கேட்டாள். ஆத்தா, இவுக உசுரோட வீடு வந்து சேரணும். பங்குனிக்கு நான் தீச்சட்டி எடுக்கேன்.

வார்டில் அடுத்த கட்டில்காரி தர்காவில் ஓதிய கயிறு ஒன்று கொடுத்தாள். யாரோ வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்து தந்தார்கள். எதையும் அவள் ஒதுக்கவில்லை. கண்ணில் ஒற்றி, கொடுத்தவர்கள் பார்க்காத நேரத்தில், தேவைப்பட்ட இன்னொரு வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கட்டினால் என்னம்மா, நல்லதுதானே என்று மகள் எழில் கேட்டதற்கு, "ஒருத்திகிட்டச் சொல்லிட்டேன்த்தா. அவ காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கையில இன்னொரு வாசல்ல போயி நின்னா நம்பலைன்னு ஆயிரும்லா" என்றாள்.

எழிலுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. அவள் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் தாளின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற வேலை பார்த்தாள். ஒரே தாளில் எட்டுச் சாமி அச்சாகி வரும். வெட்டிப் பிரித்தால் மாரியம்மன் ஒரு கட்டு, மாதா ஒரு கட்டு, மெக்கா ஒரு கட்டு. எல்லார் முகத்திலும் அதே மஞ்சள் மைதான் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

முப்பத்திநாலாம் நாள் டாக்டர் எழிலைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். வெகுநேரம் பேசினார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழில் திரும்பி வந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாகம்மா" என்றாள். குருவம்மாள் அந்த வார்டுத் தரையிலேயே ஊர்ப் பக்கம் தெற்குப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். எழில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளும் அவன் கேட்டபோதெல்லாம் தண்ணி கொடுத்தாள். டம்ளரில் கொடுத்தால் வாய்க்கடை எரிகிறது என்று கரண்டியால் கொடுத்தாள். வாழை இலையை விரித்து அதன்மேல் படுக்க வைத்தாள். கேப்பைக் கூழை மோரில் கரைத்து ஊட்டினாள். மூன்றாம் நாள் அவனுக்குச் சாத்தூர்ச் சேவு மேல் ஆசை வந்தது. காப்பியில் ஊறப் போட்டுக் கொடுத்தாள். "காரமே இல்லையே, ஏமாத்திட்டானுகளா" என்றான். நாக்குத்தான் செத்திருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குருவம்மாள், ஆத்தா கொண்டாந்து சேத்துட்டா என்று சொன்னாள். ஐந்தாம் நாள் போய்ச் சட்டி வாங்கி வந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம். ஓட்டுச் சூடு இறங்கி வீடே அடுப்பு மாதிரி இருந்தது. அவள் சட்டியை எடுத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிலுக்கு அடியில என்னத்த உருட்டுற?" என்றான்.

"சட்டி. உங்களுக்காகத்தான் நேந்திருக்கேன்லா."

"என்னன்னு நேந்த?"

சொன்னாள். அவன் சிரித்தான். சிரித்ததில் கன்னத்துத் தோல் வெடித்து வலித்தது. வலியோடேயே சிரித்தான்.

"இம்புட்டுதானா கேட்ட? கூட ரெண்டு வருசம் சேத்துக் கேட்டா உங்க ஆத்தா கொறைஞ்சா போயிருவா?"

"வாயக் களுவுங்க."

"இல்லத்தா, எழிலு கல்யாணம் வரைக்காவது…" கண்ணை மூடிக்கொண்டான். "சரி விடு. வீடு வந்து சேந்துட்டேன்" என்றான்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, அவள் குழாயடிக்குப் போய் இரண்டு குடம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குளிப்பாட்டும்போது பார்த்தாள். தீ தொடாத கால் விரல்களின் நகக்கண்ணில் வெள்ளி அப்படியே மினுங்கியது.

குருவம்மாள் அழவில்லை. மாரடித்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு உலுக்கிப் பார்த்தார்கள். கல்லாயிட்டா என்று பேசிக்கொண்டார்கள். அவன் கேட்டது மட்டும் அவள் காதிலேயே நின்றது. இம்புட்டுதானா கேட்ட?

பூசாரி வந்துபோன மறுநாள் பொன்னுத்தங்கம் வந்தாள். குருவம்மாளுக்குப் பக்கத்துப் பலகையில் திரி வைக்கிறவள். நாலு வருசத்துக்கு முன் அவள் மகன் வயிற்று நோவில் கிடந்தபோது ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தவள், அங்கேயே இருந்துவிட்டாள். ஜெப வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். தெருவில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, அவன் கிடந்த கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"தண்ணி குடு, குருவு. நடந்து வந்தது நாக்கு ஒட்டுது" என்றாள் பொன்னுத்தங்கம்.

குருவம்மாள் திகைத்துப் பார்த்தாள். சாவு விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டுத் தண்ணியை யாரும் கை நீட்டி வாங்கியதில்லை. மூன்று பேரும் வாங்கிக் குடித்தார்கள். பிறகு கண்ணை மூடி ஜெபித்தார்கள். பொன்னுத்தங்கம் ஊர்க்காவலன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் கம்பெனியில் யாருக்கு என்ன உதவி செய்தான், யாரை என்ன சொல்லிக் கேலி செய்தான் என்பதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லி அழுதாள். எழில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். குருவம்மாளுக்கும் அழுகை நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பிக் கண் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே இறக்கினாள். ஏன் இறக்கினோம் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு எழில் விஷயத்தைச் சொன்னாள். கருமாதி முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள்.

"நீயும் வாம்மா. நாம ரெண்டு பேருந்தான் மிச்சம். ஒண்ணா ஒரே எடத்துக்குப் போயிருவம்."

குருவம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆத்தாளுக்கு நேந்தது பாக்கி இருக்கேத்தா. அவ கொண்டாந்து சேத்தாள்லா" என்றாள்.

எழில் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவ கொண்டாரலம்மா. நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்பா கொணமாகின்னா அனுப்புனாக? கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு, இனி இங்கன இருந்தாலும் ஒண்ணுதான், சொந்த வீட்டுல நிம்மதியாப் போகட்டும்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் கையெளுத்துப் போட்டேன். இது உங்க ஆத்தா குடுத்தது இல்ல."

முறத்தில் கை நின்றது. குருவம்மாள் முறத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"இதத் தனியாவா வச்சுக்கிட்டு இருந்த, அம்புட்டு நாளும்?" என்றாள்.

எழில் இதை எதிர்பார்க்கவில்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது. "தனியா இல்லம்மா. பொன்னுத்தங்கம் அத்தைகிட்டச் சொன்னேன். ஜெப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்கனதான் எனக்கு அளுக முடிஞ்சுச்சு. நீ இங்கன எல்லார்கிட்டயும் சட்டியக் காட்டிச் சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்த. ஒனக்கு முன்னால எப்பிடி அளுவேன்?"

அம்மாக்காரி மகளைப் பிடித்து உட்கார வைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தாள். அதில் பொய் இல்லை. இந்தப் பெண்ணுக்கு அழ ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அது நல்ல இடம் என்று மனசாரத் தோன்றியது. ஆனால் தன் காலுக்குக் கீழே தரை போய்விட்டதையும் அவள் உணர்ந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் சுவரில் மாட்டியிருந்த மாரியம்மன் காலண்டரை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காப்புக் கட்டியாகிவிட்டது. ஊரில் தாளிப்பு வாசம் நின்று, வேப்பிலையும் மஞ்சளும் மணத்தது. குழாயடியில் மஞ்சள் சேலைப் பெண்கள் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி வழிவிட்டார்கள். வெறுப்பில் இல்லை, விரதம். போன வருசம்வரை அவளும் அப்படித்தான் விலகியிருக்கிறாள்.

கட்டில் காலடியில் உட்கார்ந்து அவள் திரும்பத் திரும்ப ஆம்புலன்சில் வந்த வழியையே நினைத்துக்கொண்டிருந்தாள். கள்ளிக்குடி தாண்டுனாலே பெருசு என்று டிரைவர் போனில் யாரிடமோ சொன்னது அன்றைக்கு அவள் காதில் விழுந்தது. விழுந்ததை வாங்காமல் விட்டுவிட்டாள். அப்படியானால் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எழிலுக்குத் தெரிந்தது அவளுக்கும் எங்கோ தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கள்ளிக்குடி தாண்டியது. விருதுநகர் தாண்டியது. வாசலில் இறக்கும்போது அவன் கண் திறந்து நிலைக்கதவைப் பார்த்தான். அதற்கப்புறம் பதினோரு நாள் தண்ணி குடித்தான், சேவு கேட்டான், சிரித்தான்.

ஆத்தாள் இருக்கிறாள் என்றால், கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டாள். குறைத்துக் கேட்டது இவள்தான். அந்தப் பாவம் இவள் தலையில்தான். ஆத்தாள் என்று ஒருத்தி இல்லையென்றால் இவள் மேல் பாவமும் இல்லை. டாக்டர் கைவிட்டார், அவன் போய்விட்டான், அவ்வளவுதான். நெஞ்சு லேசாகிவிடும். ஆனால் அந்தப் பதினோரு நாளை யாரும் கொடுக்கவில்லை என்றாகிவிடும். அவன் சிரித்ததும் சும்மா நடந்ததாகிவிடும்.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் இருந்தாள். யாரும் அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. கடைசியில் பாவத்தையே எடுத்துக்கொண்டாள்.

சட்டி எடுக்கிற புதன்கிழமை வந்தது. வெயில் ஏறி, தெருவில் நாய்கூட நிழலை விட்டு வரவில்லை. எழில் வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கடைசித் தடவை கேட்டாள்.

"ஊரே ஒன்ன ஒதுக்கி வச்சிருக்கு. ஒன் சாமியும் ஒரு வருசம் வாசலுக்கு வராதங்குது. அங்கன அப்பிடி இல்லம்மா."

"தெரியும்த்தா. அவுக வந்து தண்ணி வாங்கிக் குடிச்சப்பவே தெரிஞ்சுச்சு. அங்கன நல்லாத்தான் இருக்கும்."

"பெறகு என்ன?"

"நான் ஒருத்திகிட்டதான கேட்டேன்."

"அவதான் குடுக்கலையே."

"குடுத்தா. கேட்டது நான்தான் கொறைச்சலு."

எழில் அவளை முறைத்துப் பார்த்தாள். "அப்போ நீதான் அப்பாவச் சாகக் குடுத்தன்னு சொல்லுதியா? காலத்துக்கும் இதச் சொமக்கப் போறியா?"

குருவம்மாள் மகள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "ஒனக்கு அங்கன அளுக வருது. நீ போ. ஞாயித்துக்கிளமை நானே ஒன்ன ஜெப வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுதேன். எனக்கு அன்னைக்கு அவுக முன்னால வந்துச்சு. அளுகல. அதையும் சேத்து அவளுக்குன்னு வச்சிருக்கேன். அவ வாசல்ல போயித்தான் அளுகணும்."

"அவ ஒன்ன உள்ள விடலையேம்மா."

"அடுத்த பங்குனிக்கு விடுவா."

எழில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கொட்டுச் சத்தம் கேட்டது. சட்டிகள் ஊருணியில் கிளம்பிவிட்டன. ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு தெருவாக வந்து, வாசல் வாசலாக நின்று, வீட்டுக்காரர்கள் சட்டி எடுக்கிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றிக் கும்பிட்ட பிறகுதான் கோயிலுக்குப் போகும். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கு அந்தத் தண்ணிதான் உயிர். இந்த வருசம் இந்தத் தெரு தீட்டு. கொட்டு, தெருமுனை வரைக்கும் நெருங்கி வந்தது. குருவம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கொட்டு அங்கிருந்து மேற்கே திரும்பி ரோட்டோடு விலகியது.

செருப்பு வாசலில் கிடந்தது. போட்டுக்கொள்ளாமல் இறங்கினாள். சிமிண்டுத் தெருவைத் தாண்டி, தார் ரோடு தொடங்குகிற இடத்தில், யார் வழியிலும் படாத தூரத்தில் போய் நின்றாள். மஞ்சள் சேலைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பகல் வெயிலில் தீ தெரியவில்லை. சட்டிகளுக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. மாரீஸ்வரன் ஒருகணம் திரும்பி அவளைப் பார்த்தான். போ என்று சொல்லவில்லை. குனிந்துகொண்டு நடந்தான்.

தார் உள்ளங்காலைப் பிடித்து இழுத்தது. அவள் காலை மாற்றி வைக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையும் எப்போது மேலே வந்தன என்று அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை மேலே பார்க்க, சட்டியின் அகலத்துக்கு விரிந்து, கனம் தாங்குகிற மாதிரி நரம்பு புடைத்து நின்றன. கடைசிச் சட்டி கோயில் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பாதத்தைத் தரையில் முழுதாக வைக்க முடியவில்லை. வாசலில் எழில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, இடுப்பில் குடம் இருந்தது. படியில் உட்காரச் சொன்னாள். குனிந்து அம்மாவின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது.

"நான் சாமிக்கு ஊத்தல" என்றாள்.

"தெரியும்த்தா. ஊத்து."

எழில் குடத்தைச் சாய்த்தாள். தண்ணி விழ விழச் சூட்டுத் தரை அதை உறிஞ்சிக்கொண்டது. பாதி குடம் ஊற்றுவதற்குள் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. தண்ணி காலில் பாதியும் படியில் பாதியுமாகச் சிதறியது. குருவம்மாள் மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு, கோயில் பக்கம் கேட்ட கொட்டு ஓய்கிற வரைக்கும் காத்திருந்தாள். அவள் கண் காய்ந்தேதான் இருந்தது. இன்னும் ஒரு வருசம் கிடந்தது.